சட்டகமும் பாடமும்

மூலபாடத்தைச் சிதையாது காத்தல் பதிப்பாசிரியரின் முதற்கடன் என்பதை நம் துறையினர் எவரும் மறார். ஏட்டினின்றும் அச்சேறும் நூல்களுக்கு நாம் விதிக்கும் இக்கடமையைப் பழைய காட்சிப்பதிவுகளுக்கு விதிக்க மறந்துவிட்டோம். கூத்து, நாடகம், நாட்டார் வழக்காறு ஆகியன பற்றிய ஆய்வேடுகள் பல இன்று அப்பதிவுகளையே மூலமாகக் கொள்கின்றன. ஆதலின் அவை படத்தொகுப்பு மென்பொருளில் என்ன பாடுபடுகின்றன என ஆராய்தல் நமக்குப் புறம்பான வேலையன்று.

பழைய தொலைக்காட்சிப் பதிவின் சட்டகம் 4:3 என்னும் விகிதத்தது; அகலம் நான்கு கூறாயின் உயரம் மூன்று கூறு. இன்றைய திரையோ 16:9. முன்னதைப் பின்னதில் இடுதற்குப் பெரும்பாலும் மூன்று வழிகளே கைக்கொள்ளப்படுகின்றன. இருபுறமும் கரும்பட்டை விட்டு முழுச் சட்டகத்தையும் காட்டலாம். அகலவாட்டில் இழுத்து நிரப்பலாம்; அவ்வாறு இழுப்பின் அகலம் மூன்றில் ஒரு பங்கு மிகுந்து, முழுமதியும் முட்டை வடிவாகும். மேலும் கீழும் நறுக்கி நிரப்புதல் மூன்றாவது வழி. 1440 × 1080 படப்புள்ளிகளைக் கொண்ட சட்டகத்தை இங்ஙனம் நறுக்கினால் எஞ்சுவது 1440 × 810. அதனையே 1920 × 1080 ஆகப் பெருக்கிக் காட்டுகின்றனர். உயரத்தில் காற்பங்கு போயிற்று. எஞ்சியதும் தெளிவு குன்றிற்று. இழுத்ததன் பிழை கண்ட அளவிலேயே தோன்றும். நறுக்கியதன் பிழையோ தோன்றாது. திரை நிரம்பியிருத்தலின் காண்போன் குறையொன்றும் இல்லையென்றே கொள்வான். இடைச்செருகலினும் விடுபாடு கண்டறிதற்கு அரிது என்பதைச் சுவடிகளோடு பழகியோர் நன்கறிவர்.

‘சைன்பெல்டு’ என்னும் அமெரிக்க நகைச்சுவைத் தொடர் 2021ஆம் ஆண்டு நெட்ஃபிளிக்ஸில் 16:9 வடிவில் வந்தது. 1997இல் முதன்முதல் ஒளிபரப்பான அதன் பகுதி ஒன்றுக்குச் சாலைப்பள்ளம் என்பதே தலைப்பு. பாத்திரங்கள் பள்ளத்தை நோக்கும் காட்சியில், நறுக்கலின் பயனாகப் பள்ளமே சட்டகத்தினின்றும் மறைந்தது. ‘சிம்ப்சன்ஸ்’ என்னும் கேலிப்படத் தொடருக்கும் 2019இல் டிஸ்னி பிளஸ் தளத்தில் இக்கதியே நேர்ந்தது. மூவகைப் பெயருடைய பீரும் ஒரே குழாயினின்று வருவதே ஒரு காட்சியின் நகை. அக்குழாய் சட்டகத்தின் மேற்பகுதியில் இருந்தமையால் நறுக்குண்டது. காண்போர் முறையிட்ட பின்னர், 2020இல் பழைய விகிதமும் வழங்கப்பட்டது. நகைக்குரிய செய்தியென இவற்றைத் தள்ளிவிடலாம். யாம் அவ்வாறு தள்ளினோமல்லோம். ஏனெனில் அடுத்து நேர்ந்தது எம் துறையிலேயே.

தெருக்கூத்தில் வேடந்தாங்கியோர் அவைக்கு வரும் முறையை ஆய்ந்த மாணவர் ஒருவர், நாடாவினின்றும் வட்டுக்கு மாற்றப்பெற்ற பழம்பதிவு ஒன்றைப் பயன்படுத்தினார். இருவர் திரை பிடிக்க, அதன் பின்னே கூத்தர் ஆடி வருவார். திரைக்கு மேலே கிரீடத்தின் முடியும், கீழே சலங்கை கட்டிய அடிகளும் தோன்றித் தோன்றி மறைவதே அவ்வரவின் சுவை. மாணவரோ, ‘திரை விலகுங்காறும் கூத்தர் முற்றும் மறைந்தேயிருப்பர்’ என எழுதி, அதன்மேல் ஓர் இயலையே கட்டியிருந்தார். அவர்மேற் பிழையில்லை. பதிவை மாற்றித் தந்தோர் மேலும் கீழும் நறுக்கியிருந்தமையால், அவர் கண்டது துணியை மட்டுமே.

புறநானூற்றில் 267, 268 ஆம் பாடல்கள் கிடைத்தில. உ. வே. சாமிநாதையர் அவ்வெண்களை வெற்றிடமாகவே நிறுத்தினாரன்றி, வரிசையை நெருக்கி இடைவெளியை மறைத்தாரல்லர். கரும்பட்டையை அழகின்மை என வெறுப்போர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒப்புமை முற்றும் பொருந்தாது என்பதும் உண்மையே. அங்கு வெற்றிடம் இழப்பைக் காட்டுகின்றது, இங்குக் கரும்பட்டை இழப்பின்மையைக் காட்டுகின்றது. எனினும் இரண்டும் மூலத்தின் எல்லையைப் பொய்யாது சொல்வன.

விகிதத்தை மாற்றுதல் எஞ்ஞான்றும் குற்றமெனக் கூறுகின்றோமல்லோம். ‘தி வயர்’ என்னும் தொடர் 2014இல் அகலச் சட்டகத்துக்கு மாற்றப்பட்டபோது, அதனைப் படைத்த டேவிட் சைமன் உடனிருந்து ஆராய்ந்தார். சில காட்சிகள் சிறந்தன, சில குன்றின என்று அவரே ஒப்பினார். காட்சிதோறும் கருதிச் செய்தல் வேறு. தொகுப்பு முழுதுக்கும் ‘நிரப்பு’ என ஒரே கட்டளையிடுதல் வேறு. ஆய்வுக்குரிய படியை 4:3 சட்டகத்திலேயே தொகுத்தல் தகும். பழைய 720 × 576 பதிவுகளின் படப்புள்ளிகள் சதுரமல்ல. சதுரப் புள்ளித் திரையில் அவற்றை 768 × 576 ஆகக் கொண்டாலன்றி உருவங்கள் ஒடுங்கித் தோன்றும். ஆய்வேட்டில் பதிவின் ஆண்டைக் குறிப்போர், மூலச் சட்டகத்தின் விகிதத்தையும், தாம் கண்ட படியின் விகிதத்தையும் குறித்தல் வேண்டும்.

மூல நாடா பின்னர்க் கிடைத்தது. மாணவர் அவ்வியலைத் திருத்தி எழுதினார். நறுக்கிய படியோ இன்னும் பலர் கையில் வழங்கி வருகின்றது.