நாலு கதவு ஹெரால்டு: ஒரு கைவேலை பற்றிச் சில குறிப்புகள்

இங்கிலாந்தின் ஏர்ஃபிக்ஸ் கம்பெனி 1960களில் ட்ரையம்ப் ஹெரால்டு காருக்கு 1/32 அளவில் ஒரு பிளாஸ்டிக் கிட் போட்டது. துண்டு துண்டாக வரும், நாமே ஒட்டிச் சேர்க்க வேண்டும். சேர்த்து முடித்தால் கையில் நிற்பது சுமார் 12 செ.மீ. நீளமுள்ள இரண்டு கதவு கார். இங்கிலாந்தில் ஹெரால்டு சலூன் என்றாலே இரண்டு கதவுதான். அதை நாலு கதவாக்கியது நம்ம ஊர். சென்னைக்குப் பக்கத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961 முதல் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயரில் இதைச் செய்தது. அம்பாசடருக்கும் ஃபியட்டுக்கும் நடுவே ஒரு குடும்பக் காராக நிற்க வேண்டுமென்றால் பின்சீட்டுக்குத் தனிக் கதவு வேண்டும். 1960களின் கடைசியில் அது வந்தது.

அந்த நாலு கதவுக் காருக்கு எந்தக் கம்பெனியும் கிட் போடவில்லை. இனிமேல் போடுவார்கள் என்றும் எனக்கு நம்பிக்கை இல்லை. அம்பாசடருக்காவது பொம்மைக்கடையில் இழுத்து விடுகிற கார் கிடைக்கிறது. ஹெரால்டுக்கு அதுகூடக் கண்ணில் படவில்லை. ஆக, சின்ன அளவில் இந்தக் கார் இருக்க வேண்டுமென்றால் யாராவது பழைய கிட்டை வாங்கி, அறுத்து, கையால் செய்தால்தான் உண்டு.

மீமிசல் கடைத்தெருவில் செல்போன் ரிப்பேர் பார்க்கிற நண்பர் ஒருவர் அதைத்தான் செய்திருக்கிறார். மலேசியாவில் இருக்கும் அவருடைய மச்சான் அனுப்பிய பழைய கிட். ஸ்டிக்கரெல்லாம் மஞ்சளடித்துப் போய், ஓரமெல்லாம் பிசிறோடு வந்ததாம். இரண்டு வாரம் அந்தக் காரை வீட்டில் வைத்துப் பார்க்கக் கொடுத்தார். பார்த்ததை எழுதுகிறேன். அவரும் படிப்பார்.

முதலில் கதவு. இரண்டு கதவுக் காரில் கதவு நீளம் அதிகம். நாலு கதவுக்கு அதைக் குறுக்கி, நடுத்தூணை முன்னால் தள்ளி, பின்கதவுக்குப் புதுக்கோடு போட வேண்டும். பழைய கோட்டை அடைத்துத் தேய்த்தது தெரியவே இல்லை. தூணுக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் சி.டி. டப்பாவை அறுத்திருக்கிறார். நல்ல தேர்வு. சி.டி. டப்பா பாலிஸ்டைரீன், கிட்டும் பாலிஸ்டைரீன். மாடல் சிமெண்ட் இரண்டையும் கரைத்து ஒன்றாக்கிவிடும். (டப்பா அடியில் முக்கோணத்துக்குள் 6 என்று இருந்தால் பாலிஸ்டைரீன். 5 என்றால் தொடாதீர்கள், அது பாலிபுரொப்பிலீன், சிமெண்டுக்கு மசியாது.) டப்பாவின் கனம் 1.2 மி.மீ. போல இருக்கும். 32ஆல் பெருக்கினால் நிஜத்தில் ஏறக்குறைய 4 செ.மீ. தூண். கண்ணுக்குச் சரியாகவே படுகிறது.

புதுக்கோடுதான் இடிக்கிறது. பிளேடால் கீறியது 0.3 மி.மீ.க்குக் குறையாது. நிஜக் காரில் அது ஒரு செ.மீ. இடைவெளி, அதாவது சரியாகச் சாத்தாத கதவு. பாதியாவது குறைத்தால் நல்லது. ஊசி முனையால் மெதுவாகப் பலமுறை இழுத்தால் முடியும்.

கண்ணாடியில் வெள்ளையாகப் புகை படிந்திருக்கிறது. அது ஃபெவிக்விக் செய்கிற வேலை. காய்கிறபோது எழும் ஆவி கண்ணாடியில் படிந்துவிடும். காற்றில் ஈரம் கூடினால் இன்னும் மோசம். கடற்கரை ஊரில் கேட்கவே வேண்டாம். வெள்ளை ஃபெவிகால் காய்ந்தால் தெளிவாகிவிடும், கண்ணாடிக்கு அது போதும்.

இதெல்லாம் கைப்பிழை. அடுத்த காரில் சரியாகிவிடும். எனக்கு ஒப்பாதது வேறு. அகலமான டயர் போட்டு, காரைத் தரையோடு தாழ்த்தி, பம்பரிலிருந்து கைப்பிடி வரை மாத்திரை அட்டையின் அலுமினியத் தாளை ஒட்டி மினுக்கியிருக்கிறார். இந்த ருசி எங்கிருந்து வந்தது என்று ஊகிக்க முடிகிறது. அமெரிக்காவின் ஏ.எம்.டி. கம்பெனி 1958 முதல் ஒரே பெட்டியில் மூன்று விதமாகச் செய்யும் கிட்டுகளை விற்றது: கடையில் வருவது போல, அலங்கரித்து, பந்தயக் காராக. அங்கே பையன்கள் நிஜக் காரையே வெட்டித் தாழ்த்தி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கிட் அதைப் பின்பற்றியது. அந்த ஊருக்கு அது உண்மை. நம்ம ஊர் ரோட்டில் தரையோடு தாழ்ந்த ஹெரால்டு முதல் குழியிலேயே உட்கார்ந்திருக்கும்.

இன்னொன்று பின்சக்கரம். ஹெரால்டின் பின்அச்சு நடுவில் இரண்டு பக்கமும் தனித்தனியாக ஆடும். ஆள் ஏறாதபோது சக்கரத்தின் அடி உள்ளே மடங்கி நிற்கும், பாரம் ஏறினால் அகட்டிக்கொள்ளும். இங்கே வாங்கினவர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் இது பிடிக்கவில்லை. அதனால்தான் 1970களின் தொடக்கத்தில் வந்த ஸ்டாண்டர்டு கெசலில் ஒரே நீள அச்சைப் போட்டார்கள். கெசலும் 1977க்கு மேல் நிலைக்கவில்லை. நண்பரின் மாடலில் கிட்டோடு வந்த நேர்க்கம்பி அப்படியே இருக்கிறது, சக்கரம் விறைப்பாக நிற்கிறது. முன்னால் ஹெரால்டு, பின்னால் கெசலின் கால். அச்சை நடுவில் வெட்டி, குண்டூசியை லேசாக வளைத்துச் சொருகினால் அரைமணி நேர வேலை. அகலமான டயரைத் தேடி எடுக்க அதைவிட அதிக நேரம் ஆகியிருக்கும்.

"பொம்மைதானே, இதுக்கு ஏன் இவ்ளோ?" என்று அவர் கேட்டார். அம்பாசடரை எப்படி வேண்டுமானாலும் செய்யலாம். ஒப்பிட்டுப் பார்க்க ரோட்டில் இன்னும் சிலது ஓடுகின்றன, படத்தில் ஆயிரம் இருக்கிறது. அவர் கடைக்கு சார்ஜர் வாங்க வருகிற பையன் ஹெரால்டை வேறெங்கே பார்க்கப்போகிறான்? கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதைத்தான் அந்தக் கார் என்று நம்புவான். திருகாணி எண்ணிக்கை தப்பு என்று சண்டை பிடிக்கிற ஆள் நான் இல்லை. கார் எப்படி நின்றது என்பது திருகாணிக் கணக்கு இல்லையே.

அந்தக் காரில் எனக்கு ரொம்பப் பிடித்த பாகம் பின்கதவின் கைப்பிடி. பழைய மோட்டார் காயிலின் செம்புக் கம்பியை வளைத்துச் செய்தது. இடது பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கிறது. கதவைத் திறக்க விரல் நுழைகிற இடைவெளியை விட்டு வைத்திருக்கிறார். கிட்டில் வந்த முன்கைப்பிடி கதவோடு ஒட்டிய வெறும் மேடுதான், விரலே நுழையாது. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்போது கைவேலைதான் கார் கைப்பிடியாகத் தெரிகிறது. இந்த ஒரு இடத்தில் அவர் அழகு பார்க்கவில்லை, காரில் ஏறுகிறவரை நினைத்திருக்கிறார்.

அடுத்து ஸ்டாண்டர்டு கம்பானியன் செய்யப்போகிறாராம். அதே ஹெரால்டிலிருந்து இங்கே வந்த ஐந்து கதவு வேன் மாதிரியான கார். கூரை முழுக்கப் புதிதாக அடிக்க வேண்டும், சி.டி. டப்பா வளைக்கும்போதே உடைந்துவிடும். மெல்லிசாக, அகலமாக, அடியில் 6 போட்ட டப்பா யாரிடமாவது இருந்தால் தூக்கிப் போடாமல் சொல்லுங்கள். பின்அச்சைப் பற்றி நான் இன்னொரு தடவை அவரிடம் பேசிவிடுகிறேன்.