'ஆனால்' என்று திரும்பும் வரி: ஒரு டேனிஷ் கதைப்பாடலின் யாப்பு

கதைப்பாடலில் கதைதான் சங்கதி, திரும்பத் திரும்ப வருகிற வரி பாடுபவர் மூச்சு வாங்கிக்கொள்வதற்கு என்றொரு எண்ணம் நம்மிடையே இருந்து வருகிறது. 'எல்வர்ஸ்குட்' என்னும் டேனிஷ் கதைப்பாடலின் வடிவத்தைப் பார்த்தால் இந்த எண்ணம் நிற்காது.

பரவலாக அறியப்பட்ட வடிவத்தில் கதை சின்னது. தன் கல்யாணத்துக்கு ஆட்களை அழைக்கக் குதிரையேறிப் போகிறான் ஓலுஃப். வழியில் எல்ஃப்கள் என்ற மாயக்கூட்டம் ஆடிக்கொண்டிருக்கிறது. ஒருத்தி ஆட வா என்கிறாள். நாளைக்குக் கல்யாணம் என்று மறுக்கிறான். அடி விழுகிறது. வீடு திரும்பிச் சாகிறான். மறுநாள் மணப்பெண் வந்து சிவப்புத் துணியை விலக்குகிறாள். உள்ளே பிணம்.

யாப்பு இரண்டடிக் கண்ணி. அடிக்கு நான்கு அழுத்தம். நமது யாப்பு குறில் நெடில் பார்த்து அசை பிரிக்கிறது. டேனிஷ் பாட்டில் குரல் எங்கே அழுந்துகிறது என்பதுதான் கணக்கு. அழுத்தங்களுக்கு நடுவே ஓர் அசையும் வரலாம், இரண்டும் வரலாம். ஆகவே பேச்சு நெரிபடாமல் உள்ளே நுழைந்துவிடுகிறது. அடியிறுதி இயைபும் கறாரானதல்ல. உயிரொலி ஒத்தால் போதும், மெய் முன்னே பின்னே இருக்கலாம். இதைக் குறை என்பது ஏட்டைப் பார்த்துச் சொல்கிற தீர்ப்பு. காதுக்கு இதுவே போதும்.

திரும்பக் கூறல் இங்கே மூன்று விதமாக வேலை செய்கிறது. முதலாவது, பேரம். அவள் ஒவ்வொரு பரிசாக நீட்டுகிறாள், அவன் அதே பதிலைச் சொல்கிறான். வாக்கியம் அப்படியே நிற்க, பொருள் மட்டும் மாறுகிறது, விலை ஏறுகிறது. இரண்டாவது, பொய். மணப்பெண் கேட்டால் காட்டில் குதிரையையும் நாயையும் பழக்குவதாகச் சொல் என்று தாயிடம் சொல்கிறான். மறுநாள் தாய் அதையே சொல்கிறாள். சொற்கள் ஒன்றுதான், சொல்லும் வாய் வேறு. இடையில் ஒருவன் செத்திருக்கிறான்.

மூன்றாவது, பல்லவி. தோப்பில் நடக்கும் ஆட்டத்தின் லேசான நடையைச் சொல்கிற ஒற்றை வரி. 'ஆனால்' என்று தொடங்குகிறது. கல்யாண அழைப்புக்குப் பிறகு வரும்போது இந்த 'ஆனால்' வெறும் விலகல். பிணத்துக்குப் பிறகும் அதே வரி வரும்போது? கதை முடிந்தது, ஆட்டம் முடியவில்லை.

முன்னவர் ஒருவர் பாட, கைகோத்து ஆடுபவர்கள் பல்லவியை எடுக்கிற வழக்கம் ஃபரோ தீவுகளில் இன்றும் உண்டு. அப்படியொரு வட்டத்துக்குள் நின்று இந்தப் பாட்டை யோசியுங்கள். ஓலுஃபைக் கொன்ற ஆட்டத்தை ஆடுவது யார்? பல்லவியை எடுக்கிற கூட்டம்தானே? அவனுக்காக அழுவதும் அதே கூட்டம்தான். குற்றமும் துக்கமும் ஒரே தொண்டையிலிருந்து வருகின்றன. பல்லவி இதைத்தான் செய்கிறது. கதை இதைச் சொல்வதேயில்லை.

1778-79இல் ஹெர்டர் தமது நாட்டார் பாடல் தொகுப்பில் இதை ஜெர்மனில் தந்தார். எல்ஃப் அரசன் அங்கே 'எர்ல்கோனிக்' ஆனான், அதாவது ஆல்டர் மரத்தின் அரசன். 1782இல் கெதே எழுதிய கவிதைக்கு அந்தப் பெயரே தலைப்பு. பெயர் மாறியதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஹெர்டரின் பிரதியில் பல்லவி இல்லை. கூட்டத்தின் குரல் போய்விட்டது. மிஞ்சியது தனிமனிதனும் அமானுஷ்யமும். ரொமாண்டிக் கவிதைக்கு அதுவே தோதாகவும் இருந்தது.

ஸ்வென் குரூன்ட்விக் 1853இல் தொடங்கிய பெருந்தொகுப்பு 1976இல்தான் முடிந்தது. கிடைத்த வடிவங்களையெல்லாம் கிடைத்தபடியே அச்சிடுவது அதன் நெறி. எது அசல் என்று தொகுப்பாளர் தீர்ப்பளிப்பதற்கு அங்கே வேலையில்லை. பாட்டுச் சேகரிக்கிற, மொழிபெயர்க்கிற நமக்கும் இதில் பாடம் இருக்கிறது. திரும்ப வருகிற வரிக்குப் பதில் மூன்று புள்ளி வைத்து நாம் மிச்சம் பிடிப்பது அரை அங்குலக் காகிதம். அங்கே வாயடைக்கப்படுவது ஒரு கூட்டம்.