கணப்படுப்பின் முதுகில் ஒரு கொதிகலன்

பிரிட்டனின் பழைய வீடுகள் பலவற்றில் கணப்படுப்புக்குப் பின்னால் ஒரு கொதிகலன் ஒளிந்திருக்கும். முன்னே அறைக்குச் சூடு, பின்னே குழாய்களுக்கு வெந்நீர், இரண்டுக்கும் ஒரே புகைபோக்கி. கெட்டிக்கார ஏற்பாடுதான். 2005-இல் இங்கிலாந்தில் எரிபொருள் சிக்கன விதிகள் இறுகியதும் அதன் காலம் முடிந்தது.

கழற்றுவது தனிக் கலை. எரிவாயுவைத் துண்டிக்கப் பதிவுபெற்ற வல்லுநர்தான் வரவேண்டும். தண்ணீரை வடித்த பிறகும் அடியில் துருக்கலங்கல் மிச்சமிருக்கும். கம்பளத்தைச் சுருட்டி வைக்காதவர் பாடு திண்டாட்டம். பழைய அடைப்புக் கயிற்றில் கல்நார் இருக்கலாம், கைவைக்குமுன் சோதிக்கவேண்டும். பிறகு தாமிரக் குழாய்களை அறுத்து, வார்ப்பிரும்பை அசைத்து அசைத்து இழுத்தால், கூடவே கொட்டும் புகைக்கரி.

சிலர் குழாய்களை மட்டும் அடைத்துவிட்டுக் கலனை அங்கேயே விட்டுவிடுவார்கள். உள்ளே நீர் தங்கியிருக்க, முன்னால் மறுபடி விறகு மூட்டினால் நீராவிக்குப் போக்கிடமில்லை. அப்படி வெடித்து உயிர்ப்பலியும் நேர்ந்திருக்கிறது.