‘உற்றவன்’ யார்? – திருக்குறளில் நாடும் மருந்தும்

திருக்குறளை அதிகாரம் அதிகாரமாகப் பிரித்துப் பாடஞ்சொல்லும் வழக்கம் நம் கல்லூரிகளில் வேரூன்றியுள்ளது. அதனால் நன்மை உண்டு, தீமையும் உண்டு. ‘நாடு’ 74ஆம் அதிகாரம். ‘மருந்து’ 95ஆம் அதிகாரம். பரிமேலழகர் வகுப்பின்படி இரண்டும் அங்கவியலில் அடங்குவனவே எனினும், இடையே இருபது அதிகாரங்கள் நிற்கின்றன. முன்னதை அரசியலறிவு பற்றியது என்றும், பின்னதைத் தனிமனிதன் உணவொழுக்கம் பற்றியது என்றும் கொண்டு, ஒன்றையொன்று நோக்காமலே கற்றும் கற்பித்தும் வருகின்றோம். பிணியைப் பற்றி வள்ளுவர் இரண்டிடத்தும் பேசுகின்றார் என்பதும், ஓரிடத்துக் கூறியது மற்றோரிடத்து உரையைத் திருத்தவல்லது என்பதும் இதனால் மறைந்து போயின. இக்கட்டுரை அத்தகைய ஓர் உரைப்பகுதியைப் பற்றியது.

மருந்ததிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கின்றது. நோயுற்றவன், அதனைத் தீர்ப்பவன், மருந்து, உழைச்செல்வான் என்பன அவை. இதற்கு உரைகண்ட பரிமேலழகர் இந்நான்கும் தனித்தனி நந்நான்கு இயல்புடையன என்று கொண்டு பதினாறு இயல்புகளை வகுத்துரைக்கின்றார். அவற்றுள் நோயுற்றவனுக்குரியனவாக அவர் கூறுவன பொருளுடைமை, மருத்துவன்வழி நிற்றல், நோய்நிலை உணர்த்தல், மருந்தின் துன்பம் பொறுத்தல் என்னும் நான்கு. முதற்கண் நிற்பது பொருளுடைமை.

சில ஆண்டுகளுக்கு முன் முதுகலை வகுப்பில் இவ்வுரையை யாம் விளக்கிக்கொண்டிருந்தபோது, மலையூர் ஒன்றிலிருந்து வந்து பயின்ற மாணவர் ஒருவர் எழுந்து, “ஐயா, பொருள் இல்லாதவனுக்கு நோய் வந்தால் அவன் உற்றவன் ஆகமாட்டானா?” என்று வினவினார். சாலையில்லாத தம் ஊரில் நோயாளரை டோலி கட்டித் தூக்கிக்கொண்டு அடிவாரம் வரை நடக்கவேண்டும் என்றும், தூக்குவதற்கு நால்வர் கிடைத்தாலன்றி எந்த மருந்தும் பயன்படாது என்றும் அவர் கூறினார். உரையாசிரியர் தம் காலத்து நிலையைக் கூறினார் என்று ஏதோ ஒரு விடை கூறி யாம் மேற்சென்றோம். அவ்விடை போதாது என்பது எமக்கு அன்றே தெரியும். அது பிழை என்பது பின்னரே தெரிந்தது.

பரிமேலழகர் கூறியது அவர் காலத்து நிலையன்று. அவர் கற்ற நூலின் நிலை. வடமொழி மருத்துவ நூல்களுள் வாக்படர் இயற்றிய அட்டாங்க இருதயம், தன் முதல் அத்தியாயத்திலேயே மருத்துவத்தின் நான்கு பாதங்களையும் அவை ஒவ்வொன்றன் நான்கு குணங்களையும் தொகுத்துரைக்கின்றது. அங்கு நோயாளனுக்கு முதற்குணமாகச் சொல்லப்படுவது செல்வமுடைமை. அடுத்து மருத்துவனுக்கு வயப்படுதல், நோயை அறிவித்தல், மனவலிமை என்பன வருகின்றன. பரிமேலழகர் வரிசை இதனோடு ஒட்டிச் செல்வதைக் காண்க. பரிசாரகனுக்கு அந்நூல் கூறும் அன்பு, தூய்மை, வன்மை, அறிவு ஆகியவும் இங்கு அவ்வாறே உள்ளன. ஆகவே உரையாசிரியர் இவ்விடத்து வாக்படரைத் தழுவினார், அல்லது வாக்படரைத் தழுவிய ஒரு நூலைத் தழுவினார் என்பதில் எமக்கு ஐயமில்லை.

இதிற் கருதத்தக்கது ஒன்றுண்டு. வாக்படருக்கு முற்பட்ட சரகர் நூலிலும் இந்நான்கு பாதங்கள் உண்டு. ஒவ்வொன்றற்கும் நான்கு குணங்களும் உண்டு. ஆனால் நோயாளனுக்குச் சரகர் கூறுவன நினைவு, சொற்படி ஒழுகுதல், அஞ்சாமை, நோயை எடுத்துரைத்தல் என்பனவே. செல்வம் அங்கில்லை. முன்னூலில் இல்லாத ஒரு தகுதி பின்னூலிற் புகுந்து, ஆங்கிருந்து குறளின் உரைக்கும் வந்து சேர்ந்தது. மூலத்தில் வள்ளுவர் கூறியது ‘உற்றவன்’ என்னும் ஒரு சொல்லே. நோய் உற்றவன் என்பதற்கு மேல் அவனிடத்து அவர் எதனையும் வேண்டவில்லை. சரகர் மருத்துவனை முன்வைத்து நோயாளனைக் கடையில் வைக்க, வள்ளுவர் உற்றவனையே முன்வைக்கின்றார் என்பதும் நோக்கத்தக்கது. யாப்பு நோக்கிய வைப்பு என்று இதனை ஒதுக்குவார் ஒதுக்குக. எமக்கு அங்ஙனம் தோன்றவில்லை.

அற்றேல், பதினாறு என்னும் எண் குறளிலேயே உள்ளதன்றோ எனின், அது ‘அப்பால்’ என்னும் சொல்லைப் பொருள்கொள்ளும் முறையைப் பொறுத்தது. நான்கு பகுதிகளையுடைய நான்கு திறம் என்று உரையாசிரியர் கொண்டார். மேற்கூறிய அப்பகுதிகளாலாகிய நான்கு கூறு என்று கொள்ளினும் சொற்கு இழுக்கில்லை. பதினாறு வேண்டும் என்று கொண்டமையாலேயே அவற்றைத் தேடி வேற்று நூலுக்குச் செல்ல நேர்ந்தது.

இனி நாட்டதிகாரத்தை நோக்குவோம். அங்கே வள்ளுவர் மிக்க பசியும் நீங்காப் பிணியும் அழிக்கும் பகையும் சேராமையை நாட்டின் இலக்கணமாகக் கூறுகின்றார். பின்னர் நாட்டின் அணிகள் ஐந்தனை எண்ணுமிடத்துப் பிணியின்மையை முதலில் வைக்கின்றார். பிணியின்மை ஈண்டு ஒருவனுடைய நற்பேறன்று. நிலத்தோடும் நீரோடும் ஆட்சியோடும் கூடிய ஒரு நாட்டின் பண்பு. வியப்பு யாதெனின், இதனை நன்குணர்ந்து உரை வரைந்தவரும் பரிமேலழகரே. பிணி சேராமைக்குத் தீய காற்றும் மிகுந்த குளிரும் வெப்பமும் இன்மை, நுகரும் பொருள்களிற் கேடின்மை என்பவற்றைக் காரணமாகக் காட்டுகின்றார் அவர். பிணியின்மை நிலத்தின் நலத்தால் வருவது என்றும் குறித்துச் செல்கின்றார். நிலம், காற்று, உணவு என இத்துணைத் தெளிவாகப் பொதுக்காரணங்களைக் கண்ட பேரறிஞர், 95ஆம் அதிகாரத்தில் நோயாளன் கைப்பொருளை முதற்றகுதி ஆக்கினார் என்றால், அதிகாரங்களைத் தனித்தனியே நோக்கும் வழக்கம் நம் காலத்தது மட்டும் அன்று போலும்!

சரகர் நூலின் விமானத்தானத்தில் மூன்றாம் அத்தியாயம் நாடழிக்கும் கொள்ளைநோய் பற்றியது. பாஞ்சாலத்துக் காம்பிலிய நகரில் கங்கைக்கரையில் ஆத்திரேயர் தம் மாணவருக்கு உரைப்பதாக அது அமைந்துள்ளது. உடலும் உணவும் வயதும் வேறுவேறாகிய மக்கள் ஒரே காலத்து ஒரே நோயால் மடிவது எங்ஙனம் என்பது மாணவர் வினா. காற்று, நீர், இடம், காலம் என்னும் நான்கும் யாவர்க்கும் பொது. அவை கெடுவதாலே என்பது ஆசிரியர் விடை. அவை கெடுவதற்கு மூலம் யாது என்று மேலும் வினவ, நாட்டையும் நகரையும் தலைமைதாங்குவோர் அறம் பிறழ்தல் என்று கூறப்படுகின்றது. வள்ளுவர், எல்லா நலனும் அமைந்திருப்பினும் வேந்தமைவு இல்லாத நாட்டுக்குப் பயனில்லை என்று அதிகாரத்தை முடிப்பதனோடு இதனை ஒப்பிடுக. வேந்தமைவு என்பதற்குக் குடிகள் அரசனிடத்து அன்பும் அரசன் குடிகளிடத்து அருளும் உடையராதல் என்று இருபாலும் விரித்த உரை மிகச் சிறந்தது.

ஒன்று கூறவேண்டும். பசியும் பிணியும் பகையும் கூறிய குறளை அடுத்து, பல குழுக்களும் பாழ்செய்யும் உட்பகையும் இல்லாததே நாடு என்னும் குறள் நிற்கின்றது. அடுத்தடுத்து நிற்பதனாலேயே ஒன்று மற்றொன்றற்குக் காரணம் என்று துணிதல் கூடாது. எனினும் இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து எண்ணத் தடை யாதுமில்லை. ஊருக்கு ஒரு கிணறு, சேரிக்கு ஒரு கிணறு என்று பிரித்து வைத்த நாடு நம் நாடு. நீரைப் பிரித்தவர்கள் நீரால் வரும் நோயைப் பிரிக்க இயலவில்லை. குழுவாய்ப் பிரிந்து நின்ற இடத்தில் டோலியின் நான்கு தோள்களும் எளிதிற் கூடா என்பதை, மேற்கூறிய மாணவர் ஊரைக் காணாமலே எவரும் உணரலாம்.

நான்காம் கூறாகிய உழைச்செல்வானுக்கு வருவோம். பரிமேலழகர் மருந்தினைப் பிழையாமல் இயற்றுவான் என்று பொருள் கூறினார். ‘உழை’ என்பது பக்கத்தை உணர்த்தும். நன்னூலார் இடப்பொருளுருபுகளுள் ஒன்றாகவும் அதனை எண்ணுவர். ‘மருந்துழைச் செல்வான்’ என்று இணைத்து, மருந்தினிடத்துச் செல்வான் எனக் கொள்வோமாயின் நான்கு என்னும் எண் நிரம்பாது. எனவே மருந்து வேறு, உழைச்செல்வான் வேறு. அவன் யார் உழைச் செல்கின்றான்? உற்றவன் உழை என்பதே இயல்பான பொருள். செல்லுதல் என்ற அளவில் இடைத்தொலைவு ஒன்று உளதாதலும் பெறப்படும். மலையும் ஆறும் வறுமையும் சாதியும் ஆகிய அவ்விடைவெளியைக் கடந்து பக்கத்தே சென்று நிற்பவன் மருத்துவத்தின் புறத்தே நிற்கும் ஏவலன் அல்லன். காற்பங்கு மருத்துவம் அவனே.

தமிழக அரசு 1994இல் மருத்துவப் பணிகள் கழகம் அமைத்து மருந்துகளை ஒருங்கு வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கு வழங்கத் தொடங்கியதும், 2021 ஆகத்துத் திங்களில் நீரிழிவும் மிகு குருதியழுத்தமும் உடையாரை வீடு தேடிச் செல்லும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியதும் யாவரும் அறிந்தவை. இவையெல்லாம் குறளிலேயே உள்ளன என்று கூறுதல் எம் கருத்தன்று. அங்ஙனம் கூறுவார் பலர் உளர், அவர்க்கு அப்பணியை விட்டுவிடுவோம். எம் கருத்து, குறளின் சொல்லுக்குரிய பொருளை உரை குறைத்துவிடலாகாது என்பதே.

பொருளுடைமை பண்டைத் தமிழகத்தின் பொதுநடைமுறை அன்று என்பதற்குக் கல்வெட்டுச் சான்றும் உண்டு. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், 1063 முதல் 1070 வரை ஆண்ட வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ‘வீரசோழன்’ என்னும் ஆதுலர்சாலையைக் குறிக்கின்றது. அதில் பதினைந்து படுக்கைகள் இருந்தன. மருத்துவன், சல்லியக்கிரியை செய்வான், மூலிகையும் விறகும் கொணர்வார், மருந்து அடும் பெண்டிர், நாவிதன் ஆகியோர்க்கு நெல்லும் காசும் நிவந்தமாக வகுக்கப்பட்டன. ஈண்டு நான்கு கூறுகளும் உள. உற்றவன் கைப்பொருள் வேண்டப்படவில்லை. இதனைக் கொண்டு பெருமிதங்கொள்ளுமுன் மற்றொன்றையும் படித்தல் வேண்டும். அப்படுக்கைகள் கோயிலிற் பணிபுரிவார்க்கும் அங்கு ஓதும் மாணவர்க்கும் உரியன. அக்கோயிலுக்கு நெல் விளைத்துக் கொடுத்த உழுகுடிகள் நோயுற்றால் எங்குச் சென்றனர் என்பதற்குக் கல்வெட்டில் விடையில்லை. பொருளுடைமை நீங்கிய இடத்தில் சார்புடைமை வந்து நின்றது.

அக்கல்வெட்டில் மருத்துவன் பெயரும் ஊரும் பொறிக்கப்பட்டுள்ளன. மருந்து அடும் பெண்டிர்க்கு ‘இருவர்’ என்னும் தொகை மட்டுமே உள்ளது.