லால்குடி வில்

லால்குடி ஜெயராமன் வயலினில் கீர்த்தனை வாசித்தால், பாட்டுத் தெரிந்தவர்களுக்கு வரிகளே காதில் விழும். சூட்சுமம் வலது கையில் இருந்தது. சாகித்தியத்தில் சொல் பிரிகிற இடத்தில்தான் வில்லும் திரும்பும். நெடில் வந்தால் ஒரே இழுப்பில் நீளும். இடது கை, சுரத்தை அசைத்து இழைக்கும் கமகத்துக்கு. நம் வித்வான்கள் தரையில் அமர்ந்து வயலினின் தலையை வலது பாதத்தில் ஊன்றிக்கொள்வதால், அந்தக் கைக்குக் கருவியைத் தாங்கும் வேலை இல்லை. தந்தியில் இஷ்டம்போல் வழுக்கி ஓடலாம்.

1930இல் பிறந்தவர். தந்தை கோபால ஐயரே குரு. தியாகராஜரின் சீடர் ராம ஐயர் வழிவந்த குடும்பம். 12 வயதில் பக்கவாத்தியக்காரராக மேடையேறினார். பாடகர் விட்ட இடத்தில் ராகத்தைத் தொட்டு, அவரை மீறாமல் அழகு கூட்டுவது பக்கவாத்திய தர்மம். அரியக்குடி, செம்மங்குடி, ஜி.என்.பி. என்று ஆளுக்கொரு பாணி, எல்லோருக்கும் ஈடுகொடுத்தார். 1966இல் ரமணியின் புல்லாங்குழல், வெங்கட்ராமனின் வீணையோடு வயலினைச் சரிசமமாக உட்கார வைத்தார்.

2013இல் மறைந்தார். அவருடைய மோகனகல்யாணி தில்லானாவுக்குப் பரதநாட்டிய மேடைகளில் இன்றும் சலங்கை கட்டுகிறார்கள். ராகம் தெரியாதவர்களும் தொடையில் தாளம் போடுகிறார்கள்.