‘குடும்பம்’ என்னும் முன்னொட்டு: வளரிளம் பெண்ணும் கருத்தடைச் சொல்லாடலும்

விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தின் உப்பளங்களில் கோடைதான் கூலிக்காலம். மழை இறங்கினால் பாத்திகளோடு வருவாயும் கரைந்துவிடும். இத்தகைய பருவக்கூலிக் குடும்பங்களில் பெண்ணின் படிப்பு நின்ற இடத்திலேயே திருமணப் பேச்சு தொடங்குவது அரிதன்று. அப்பெண்ணைக் கருத்தடை குறித்த செய்தி எப்போது வந்தடைகிறது என்பதே இங்கு எழும் வினா. கிராம சுகாதாரச் செவிலியர் பேணும் ஏட்டின் பெயர் ‘தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு’. அதன் நுழைவாயில் திருமணம்.

இவ்வெல்லை சொல்லிலேயே பதிந்துள்ளது. ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில் பெரியார் ‘கர்ப்பத்தடை’ என்றே எழுதினார். பிறர் உடல்நலத்தையும் குடும்பப் பொருளாதாரத்தையும் காரணமாகக் காட்ட, அவர் பெண்ணின் விடுதலையை முன்வைத்தார். 1952இல் தொடங்கிய அரசுத் திட்டமோ ‘குடும்பக் கட்டுப்பாடு’ ஆயிற்று. நெருக்கடிநிலைக் காலக் கட்டாயங்களின் கறையைக் கழுவ 1977இல் அது ‘குடும்பநலம்’ எனப் பெயர் மாறியது. ‘கட்டுப்பாடு’ நீங்கியது, ‘குடும்பம்’ நீங்கவில்லை.

இதன் விளைவை ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வில் (2019–21) காணலாம். தமிழகத்தில் 15–49 வயதுடைய மணமான பெண்களுள் 68.6 விழுக்காட்டினர் ஏதேனுமொரு கருத்தடை முறையைக் கையாள்கின்றனர். ஆனால் பெண் அறுவைச் சிகிச்சை மட்டுமே 57.8 விழுக்காடு. அரசு நெறிமுறைப்படி அதற்குக் குறைந்தது 22 வயதும் ஒரு குழந்தையும் வேண்டும். தமிழகம் பெருமை கொள்ளும் இச்சாதனை, பிள்ளைப்பேறு முடிந்தவளின் சாதனை. முதற்கருவைத் தள்ளிப்போட விரும்பும் பதினெட்டு வயது மணப்பெண்ணுக்கு அதில் இடமில்லை. அதே ஆய்வின்படி, 15–19 வயதினருள் 6.3 விழுக்காட்டினர் ஏற்கெனவே தாயாகவோ கருவுற்றோ இருந்தனர். மணமாகாதோர் கருத்தடைக்கான இத்தலைப்பு எண்களுக்குள் வருவதேயில்லை.

2014இல் தொடங்கிய தேசிய வளரிளம் பருவ நலத்திட்டம் மணமாகாதோரையும் உட்கொண்டது. எனினும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பதினெட்டுக்குக் கீழ்ப்பட்டோரின் இசைவை ஏற்பதில்லை. அதன் 19ஆம் பிரிவு, குற்றத்தை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிப்பதைக் கட்டாயமாக்குகிறது. வன்முறைக்கு எதிரான இக்காப்பின் தேவையை மறுக்கவியலாது. ஆயினும் விரும்பிப் பழகும் இருவருள் ஒருத்தி ஆலோசனை கேட்டு வாய் திறந்தால், தோழன் குற்றவாளி ஆகலாம். உச்ச நீதிமன்றம் 29.9.2022 அன்று, கருக்கலைப்பு நாடும் சிறுமியும் அவளுடைய காப்பாளரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் அறிக்கையில் அவள் அடையாளத்தை வெளியிட வேண்டியதில்லை என்றது. கருவுற்றபின் கிடைக்கும் இம்மறைகாப்பு, கருவுறாதிருக்க வழி கேட்டு வருபவளுக்கும் உண்டென அத்தீர்ப்பு வெளிப்படையாகக் கூறவில்லை.