செங்கல்லும் செவ்விய கலையும்

அரண்மனைச் சுவரிலே தீட்டினால் ஓவியம். ஆலயத் தூணிலே செதுக்கினால் சிற்பம். நாளேட்டின் பக்கத்திலே, உழைத்துக் களைத்தவன் உவந்து பார்க்கும் கட்டங்களிலே வரைந்தால் மட்டும் வெறும் விளையாட்டாம்! இப்படித் தீர்ப்பளிப்போர் உண்டு. கலையிலும் மேல்படி, கீழ்ப்படி வகுத்துவிட்ட அவர்கட்கு நாம் காட்டும் விடை, அமெரிக்க நாட்டு ஜார்ஜ் ஹெரிமன் வரைந்த ‘கிரேசி கேட்’ என்னும் படக்கதை.

1913-இல் தனித்தொடராகத் தொடங்கி, 1944-இல் ஹெரிமன் மறையும்வரை அவர் வரைந்துவந்தது அது. கதையோ சிறிது. பூனை எலியைக் காதலிக்கிறது. எலி, பூனையின் தலையைக் குறிபார்த்துச் செங்கல்லை வீசுகிறது. விழுந்த அடியை அன்பின் அடையாளமென்று எண்ணிப் பூனை அகமகிழ்கிறது. பூனையிடம் உள்ளத்தைப் பறிகொடுத்த காவல்கார நாய், எலியைச் சிறையிலே தள்ளுகிறது. இவ்வளவுதான்! முப்பதாண்டு இதே கதை. சலிக்கவில்லையே, ஏன்?

மூலப் படங்களைக் கண்டால் விடை கிடைக்கிறது. அளவு குறைக்காமல் படியெடுத்த பதிப்புகளிலே அவற்றை நாம் கண்டோம். அச்சிலே சுருங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட கோடுகள், மூலத்திலே தனித்தனியே துடிக்கின்றன. பேனா முனையின் குறுங்கீறல்கள் கற்றை கற்றையாய் நின்று பாறையாகின்றன. சற்றே சாய்ந்தால் புல்லாகின்றன. காய்ந்த கருமையைக் கத்திமுனையால் சுரண்டி, வெள்ளை வரிகளை எழுப்புகிறார். பூனைக்குக் காலென்று நாலே கோடுதான். ஆனால் அந்தக் கோடுகளிலே அதன் நடையும் இருக்கிறது, நாணமும் இருக்கிறது.

பின்னணியோ இன்னும் வியப்பு! அரிசோனாப் பாலையின் செங்குன்றுகளே களம். பூனை நின்ற இடத்திலேயே நிற்கும். அடுத்த கட்டத்திலே குன்று மரமாகிவிடும், பகல் இரவாகிவிடும். மாறாத மனம் படைத்த மூவரை மாறிக்கொண்டேயிருக்கும் உலகிலே நிறுத்துகிறார். கதை பழையதாயினும் பக்கம் புதியதாவது இதனாலேதான்.

குறையும் கூறுவோம். பல மொழிகளின் ஒலி கலந்த பூனையின் பேச்சு எளிதன்று. புரியவில்லை என்று புறந்தள்ளிய வாசகர் பலர். 1924-இல் கில்பர்ட் செல்டஸ் என்னும் திறனாய்வாளர் இதனை உயர்கலையென்று போற்றினார்; எனினும் தொடரைத் தாங்கி நின்றது, பத்திரிகை அதிபர் ஹெர்ஸ்டின் விருப்பமே.

ஹெரிமன் யார்? 1880-இல் நியூ ஆர்லியன்சிலே பிறந்தவர். வெள்ளையரென்றே உலகம் அவரை அறிந்திருந்தது. அவர் மறைந்து 27 ஆண்டு கழிந்தபின், 1971-இல், பிறப்புச் சான்று வெளிப்பட்டது. அதிலே ‘நிறத்தவர்’ என்ற குறிப்பு! அடியை அன்பென்று கொள்ளும் கரும்பூனையிலே ஓவியரின் வாழ்வைத் தேடுவோர் உண்டு. நாம் அப்படி முடிவுகட்டோம். ஓவியத்தை ஓவியமாகவே எடைபோடுவோம். ஆனால் ஒரு கேள்வி நம்மைக் குடைகிறது. அந்தக் குறிப்பு அன்றே அம்பலமாகியிருந்தால், இந்தக் கைக்கு அந்த மேசை கிடைத்திருக்குமா? பிறப்பைக் கேட்டபின் திறமையைக் கேட்கும் சமுதாயம் இழந்த ஓவியங்கள் எத்தனையோ!

பிறப்பால் இழந்தது போக, அலட்சியத்தால் இழந்ததும் உண்டு. அச்சுத்தகடு எடுத்ததும் வேலை முடிந்ததென்று, நாளேட்டுப் படக்கதைகளின் மூலங்கள் பல வீசியெறியப்பட்டன. நுண்படச்சுருள் வந்ததும் நூலகங்கள் பழைய நாளேடுகளையே கழித்துக்கட்டின. அவற்றைத் தேடித்தேடித் தம் வீட்டிலே சேர்த்தார் பில் பிளாக்பியர்டு என்பார். 1998-இல் அத்திரட்டு ஓகையோ அரசுப் பல்கலைக்கழகத்தை அடைந்தபோது, அதன் எடை சுமார் 75 டன்! ஒரு தனிமனிதரின் பிடிவாதம் காத்த செல்வம் அது.

ஆகவே, நாளேட்டைக் கிழித்துப் பொட்டலம் மடிக்குமுன் அதன் மூலையிலுள்ள கட்டங்களைச் சற்றே உற்றுப் பாருங்கள். மாணவரிடமும் காட்டுங்கள். ஒரு கோட்டுக்குப் பின்னே ஒரு கை இருக்கிறது. அந்தக் கைக்குப் பின்னே ஒரு வாழ்வு இருக்கிறது. கோபுரக் கலையைக் கும்பிடக் கற்றவர்கள், கோட்டுக் கலையைக் காணவும் கற்கட்டும்!